பனிக்கு வைத்த மஞ்சள்

தியாகதுருகத்தில் ராஜாம்பாளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "போன தீபாவளிக்குக் குடுத்த அளவு ரவிக்கையே திரும்பவும் எடுத்துகினு வந்தா எப்டி? அதுக்கப்பறம் நீ சோறே துன்னலியா?" என்பாள். சொல்லிவிட்டு, கேட்ட நாளில், கேட்டதைவிடப் பாந்தமாகத் தைத்துக் கொடுத்துவிடுவாள். அதனால் அவள் வாய்க்காக யாரும் கடை மாறியதில்லை. வாய் முந்திக்கொள்ளும், கை பின்னாலேயே வந்து அதைச் சரிக்கட்டிவிடும். நாற்பத்தாறு வயதுவரை அவள் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. கையால் சரிக்கட்ட முடியாத ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோட்டை மலைக்குப் போகிற தெருவில், வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டுப் பலகை, அதன் கீழே மூட்டை மூட்டையாக வெட்டுத் துணி. ஒரு மிஷினில் ராஜாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மற்றது பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். அதற்கு உரியவளான கொளஞ்சியம்மாளுக்கு மிஷின் ஓட்டப் பிடிக்காது. கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, எல்லாம் அவளுக்குக் கையாலேயே ஆக வேண்டும்.

கொளஞ்சியம்மாள் ராஜாம்பாளுக்கு ஓரகத்தி, அதாவது கொழுந்தன் செல்லமுத்துவின் மனைவி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து செல்லமுத்து செத்தபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒரே வாசல், இரண்டு அடுப்பு என்று பக்கத்து அறையிலேயே இருந்துவிட்டாள். "சும்மா செவுத்தப் பாத்துகினு ஒக்காந்திருந்தா பைத்தியம்தான் புடிக்கும், எந்திரி" என்று இழுத்து வந்து அவள் கையில் ஊசியைக் கொடுத்தது ராஜாம்பாள்தான். அது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து ஒருத்தி பேசிக்கொண்டும் ஒருத்தி பேசாமலும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

இரண்டு பேரையும் கிறுக்குப் பிடிக்க வைத்தது கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலை.

மலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கொடுத்துவிட்டு பஸ்சுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம் ஒன்று திறந்து கிடந்தது. ஓடிப்போய் ஒதுங்கினார்கள். உள்ளே சுவர் முழுக்கத் துணி. கட்டுவதற்கான துணி இல்லை, நூலாலேயே நெய்த சித்திரங்கள். ஓவியர் அரங்கநாதனின் கூடம் அது. சென்னையில் படித்து, பல ஊர்களில் டிராயிங் மாஸ்டராக இருந்து, ஓய்வு பெற்றதும் மலையேறி வந்து, ஆளுயரத்துக்கு ஒரு நிமிர்ந்த தறி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து நெய்கிற மனிதர். கல்வராயன் மலையைத் தவிர வேறு எதையும் அவர் நெய்ததில்லை.

"துணின்னா ஒடம்புக்கு ஆவணும். செவுத்துக்கு எதுக்குத் துணி?" என்றாள் ராஜாம்பாள், வழக்கம்போல வாய் முந்திக்கொண்டு. அரங்கநாதன் காதில் விழுந்தது. அவர் சிரித்துவிட்டு டீ போடப் போனார்.

அவர் டீயோடு திரும்பி வரும்போது அவள் ஒரு சித்திரத்தின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். 'பனி' என்று அதற்குப் பெயர். விடியற்காலை மலைப் பனி. கீழே ஒரு கீற்று சாமைக் கொல்லை, நடுவில் ஒரு மரத்தின் தலை, மற்றதெல்லாம் பனி. தள்ளி நின்று பார்த்தால் குளிர் அடித்தது. கிட்டப் போனால் வெறும் நூல். வெள்ளை, சாம்பல், லேசான நீலம், காய்ந்த வைக்கோல் நிறம். எந்த நூலில் குளிர் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. மழை விட்டது. ஒரு பஸ் போனது. அடுத்த பஸ்சின் ஹாரன் கேட்டபோது கொளஞ்சியம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இதையும் வுட்டா நடந்துதான் எறங்கணும்."

"நம்ம வூட்டு வெட்டுத் துணியில இத செய்யலாம்டி" என்றாள் ராஜாம்பாள்.

செய்யலாம் என்று சொல்லுவது சுலபம். பனிக்கு முன்னால் கை பழகட்டும் என்று, அங்கே பார்த்த அருவிச் சித்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு, துண்டுத் துணிகளை ஒட்டி, நடுவில் பழைய சேலை வைத்து, அவள் தைத்த முதல் போர்வையை ராஜாங்கம் விரித்துப் பார்த்தார். ராஜாங்கம் அவள் வீட்டுக்காரர், ஆலையில் வேலை. நல்ல மனிதர். பெண்டாட்டியைப் பாராட்ட வேண்டும் என்கிற எண்ணத்தோடுதான் வாயைத் திறந்தார்.

"சோக்கா இருக்குது. இன்னா இது, கட்டில் நாடாவா?"

அன்று இரவு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அரங்கநாதன் நூலை நூலோடு கலந்து நிறம் செய்கிறார். வெட்டுத் துணியோ தன் பூவையும் கட்டத்தையும் புள்ளியையும் விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறது. எதை எங்கே வைத்தாலும் பனி வரவில்லை. யார் யாருடைய ரவிக்கைகளோ வரிசையாக வந்து நின்றன.

வழி காட்டியது ஒரு தப்பு. ஒரு மத்தியானம் கொளஞ்சியம்மாள் நீலப்பூப் போட்ட துண்டு ஒன்றை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்துவிட்டாள்.

"கண்ண எங்கடி வெச்சிகினு தைக்கற? உள்புறம் வெளிய இருக்குது பாரு!"

கொளஞ்சியம்மாள் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். ராஜாம்பாள் தண்ணீர் குடிக்கப் போனவள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். துணியின் உள்பக்கத்தில் அச்சு முழுசாக இறங்கியிருக்கவில்லை. பூ இருந்தது, ஆனால் தூரத்தில், பனிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாக இருந்தது.

"பிரிக்காத! கைய எடு!" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

அதன் பிறகு ஊர்த் துணியெல்லாம் அந்த வீட்டில் புரண்டு படுத்தது. தை மாதம் ஆரம்பித்த வேலை சித்திரையைத் தாண்டியது. துண்டுகளைப் பொறுக்கி அடுக்குவது ராஜாம்பாள். அடுக்கியதன் மேல் ஓட்டுத் தையல் போட்டு மூன்று அடுக்கையும் ஒன்றாக்குவது கொளஞ்சியம்மாள். கோடு போடாமல், கோலம் வரையாமல், மலையைச் சுற்றி ஏர் ஓட்டிய மாதிரி வளைந்து வளைந்து போகும் அவள் தையல். பனி எங்கே கனமாக இறங்க வேண்டுமோ அங்கே நெருக்கித் தைத்தாள், எங்கே கலைய வேண்டுமோ அங்கே விட்டுவிட்டுத் தைத்தாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பாதி முடிந்திருந்தபோது படம் எடுத்து அரங்கநாதனுக்கு அனுப்பினார்கள். அவர் உடனே போன் செய்தார்.

"ஏம்மா, இது என்னோடதப் பாத்து ஆரம்பிச்சதா இருக்கலாம். இப்ப இது ஒன்னோட பனி. கோடை விழாவுக்கு நம்ம கூடத்துக்கு ஜனம் ஜாஸ்தி வரும். முடிச்சி எடுத்துகினு வா. என் 'பனி' பக்கத்துலயே மாட்டறேன். அந்தச் செவுத்துல வேற யாரோடதையும் நான் மாட்டனதில்ல, தெரியுமில்ல?"

ராஜாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. ரவிக்கை வாங்க வந்தவர்களிடம், பால்காரரிடம், கள்ளக்குறிச்சி பஸ் கண்டக்டரிடம் எல்லாம் சொன்னாள். 'அந்தப் பனிக்குப் பக்கத்தில் என் பனி' என்று தூக்கத்திலும் சொன்னதாக ராஜாங்கம் பிறகு தெரிவித்தார். பிறந்ததிலிருந்து மற்றவர் உடம்புக்கே தைத்த கை அது. ஒரு சுவரில் நாலு பேர் அண்ணாந்து பார்க்கும்படி தன் கைவேலை நிற்கப்போகிறது என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை.

இங்கே மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எந்தப் புதுத் துணியும் மூலையில் மஞ்சள் தடவாமல் பிரித்து உடுத்தப்படாது. பொங்கல் சேலையானாலும் பள்ளிக்கூடச் சட்டையானாலும் அப்படித்தான். தடவுவது ராஜாம்பாளின் கை. கொளஞ்சியம்மாளின் சேலைக்கும் அவள்தான் தடவிக் கொடுப்பாள். செல்லமுத்து போன பிறகு கொளஞ்சியம்மாள் மஞ்சள் டப்பாவைச் சமையலுக்குத்தான் தொட்டிருக்கிறாள். தாலி அறுத்தவள் கை நல்லதுக்கு முன்னால் வரக்கூடாது என்று மாமியார் உயிரோடிருந்தபோது ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி. மறுபடி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்ல நேராதபடி கொளஞ்சியம்மாளே பார்த்துக்கொண்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் போர்வை முடிந்தது. "கடைசி முடிச்சிய நீயே போட்டுட்டு மடிச்சி வை" என்று சொல்லிவிட்டு ராஜாம்பாள், பெருமை அடித்துக்கொள்ள இன்னும் யார் மிச்சம் என்று பார்க்கத் தெருவுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து போர்வையை விரித்தாள். கீழ் மூலையில், பனி எல்லாவற்றிலும் கனமாக இறங்கியிருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

அந்த மூலைக்கு நிறம் சேர்க்கத்தான் அவள் ஒரு மாதம் அலைந்திருந்தாள். வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். அதில் போய், பளீரென்று!

"இன்னா இது? யாரு மஞ்ச வெச்சது?"

கொளஞ்சியம்மாள் இரண்டு கையிலும் டீ தம்ளரோடு வாசற்படியில் நின்றாள். முகத்தில் வெட்கமும் சிரிப்பும் கலந்து இருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்து எத்தனையோ காலமாகிறது. ராஜாம்பாள் அதைக் கவனிக்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க்கா. முடிச்சதும்..."

"ஒன்ன யாருடி வெக்கச் சொன்னது? நீ வெக்கலாமா?"

பனி கெட்டுப்போன ஆத்திரத்தில் சொன்னாள். சத்தியமாக அதற்குமேல் அவள் மனதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கொளஞ்சியம்மாள் தன் காதில் எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு சீமந்தத்திலும் அதைக் கேட்டுவிடக்கூடாது என்றுதான் முதல் ஆளாக அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். இப்போது அது இந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு தம்ளரையும் கீழே வைத்தாள். டீ சிந்தவில்லை. திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தம்ளர்களைப் பார்த்த பிறகுதான் ராஜாம்பாளுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "கொளஞ்சி! நான் துணியத்தான் சொன்னேன். இந்தா, கொளஞ்சி!" கதவு திறக்கவில்லை. எவ்வளவு நேரம் தட்டினாளோ தெரியாது.

அதற்குள் ராஜாங்கம் தம் பங்குக்கு உதவி செய்துவிட்டார். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர், பெண்டாட்டி ஒரு கறைக்காகத் தவிப்பதைப் பார்த்து, போர்வையின் மூலையைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டுபோய், பார் சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தார். பிறந்ததிலிருந்து ஒரு துணியைத் துவைத்தறியாத மனிதர். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அடியே, இங்க ஓடியா! ரத்தமா வருது!"

மூலை குங்குமமாகச் சிவந்து கிடந்தது. சத்தம் கேட்டுக் கொளஞ்சியம்மாளின் கதவும் திறந்தது. அவள் பார்த்தது இதைத்தான். தான் வைத்த மஞ்சளைப் பெரிய மச்சான் மாங்கு மாங்கென்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ராஜாம்பாள் கத்தக்கூட இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அலசினாள். சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் கறையை வெயில் தின்றுவிடும். இந்த மாதத்து வெயிலுக்கு ஒரு பகல் போதும். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை மலை அடிவாரத்துப் பாறைக்குப் போனாள். விரித்து, மூலைகளில் கல் வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஆடுகள் மிதிக்காமல் காவல் உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுது வருவதற்குள்ளேயே மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. முதலில் எலுமிச்சை நிறமானது. பிறகு வைக்கோல் நிறம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பனியோடு பனியாகிவிடும். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. நாளைக்கு மாட்டிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்ததும்தான் அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் அவள் மகளுக்கு இந்த வீட்டில்தான் வளைகாப்பு நடந்தது. தெருவே வந்து மஞ்சள் பூசி வளையல் போட்டது. அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கொளஞ்சியம்மாள். அவள் அன்றைக்குப் புளிசோறு கிளறிக்கொண்டு அடுக்களையில் நின்றாள். ராஜாம்பாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூப்பிடாமல் கூடத்துக்குப் போனாள். இன்றைக்குத் தன் வாய் சொன்னதைத் தன் கை இத்தனை வருஷமாகச் செய்துகொண்டே இருந்திருக்கிறது என்று அந்தப் பாறையில் உட்கார்ந்து அவளுக்கு விளங்கியது. இப்போது வெயிலை விட்டு அந்த ஒரு விரல் மஞ்சளையும் தின்னவைத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. குடைக்குள்ளேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிறகு எழுந்து, கற்களைத் தள்ளிவிட்டு, போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனாள். கொளஞ்சியம்மாள் தரையில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் அவள் முன்னால் போர்வையை விரித்து, மஞ்சள் டப்பாவை அதன்மேல் வைத்தாள்.

"வை" என்றாள்.

கொளஞ்சியம்மாள் மூலையைப் பார்த்தாள். "வெளுத்துப் போச்சில்ல. வுடுக்கா."

"வெளுத்துதான் போச்சி. அதான் எடுத்துகினு வந்தேன். திரும்ப வை."

"நான் வெக்கக் கூடாது. நீ சொன்னது நெசந்தானே."

"நெசமில்ல. காலைல சொன்னதும் தப்பு, இத்தினி நாளு சொல்லாம செஞ்சிகினு இருந்ததும் தப்பு. என் பொண்ணு வளைகாப்புல ஒன்னக் கூப்புடாத பாவிதான்டி நான்."

கொளஞ்சியம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அழுவாள் என்று ராஜாம்பாள் நினைத்தாள். அவள் அழவில்லை. பேசினாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி ராஜாம்பாள் கேட்டதே இல்லை.

"முடிச்சி போட்டுட்டேங்க்கா. கைய எடுக்க மனசு வரல. இத்தினி வருசமா எவ்ளோ துணி தச்சேன். எல்லாம் யாரு யாருக்கோ. ஒண்ணுக்கும் நான் மஞ்ச வெச்சதில்ல. வெச்சா கட்டறவங்களுக்கு இன்னாவாவுமோன்னு பயம். இத யாரும் கட்டப் போறதில்ல. செவுத்துல தொங்கப் போவுது. இதுக்கு வெச்சா யாருக்கு இன்னா கெட்டுப்பூடும்னு தோணிச்சி. அதான் வெச்சேன்."

இந்தத் தடவை ராஜாம்பாளின் கை வாயை முந்திக்கொண்டது. அது அவளுக்குப் புதிது. டப்பாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"நாலு மூலைக்கும் வை."

"நாலுக்குமா? ஒன் பனி கெட்டுப்பூடும்க்கா."

"கெடட்டும்."

கொளஞ்சியம்மாள் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்தாள். முதல் மூலையில் லேசாகத்தான் தொட்டாள். இரண்டாவது மூலையில் விரல் பதிய அழுத்தி வைத்தாள். ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் விழும்போது ராஜாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்ன இருந்தாலும் அவள் ஒரு மாதம் அலைந்து சேர்த்த நிறமல்லவா.

மறுநாள் முதல் பஸ்சுக்குக் கள்ளக்குறிச்சி போய், வெள்ளிமலை பஸ் பிடித்தார்கள். வழி முழுக்க ராஜாம்பாள் போர்வை மூட்டையை மடியைவிட்டு இறக்கவில்லை. மலைமேல் கோடை விழா களைகட்டியிருந்தது. தேனும் கடுக்காயும் சாமையும் விற்கிற கடைகள், துணிக் கடைகள், ஒலிபெருக்கிப் பாட்டு. கூடத்தில் அரங்கநாதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவருடைய 'பனி'க்குப் பக்கத்தில் ஒரு வெற்றுச் சட்டம் அடித்துத் தயாராக வைத்திருந்தார்.

போர்வையைப் பிரித்துச் சட்டத்தில் பிடித்துக்காட்டினார்கள். அவர் பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், தையலை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு அவர் கண் மூலைக்குப் போனது.

"இது இன்னா மஞ்ச?"

"புதுத்துணிக்கு வெச்சதுங்க சார்" என்றாள் ராஜாம்பாள்.

"வெக்கறதுதான். ஆனா இங்க உறுத்துதேம்மா. பனியில கண்ணு நிக்க மாட்டேங்குது, நேரா மூலைக்கு ஓடுது." சற்று யோசித்தார். "ஒண்ணும் இல்ல, ரெண்டு விரக்கடை மடிச்சி சட்டத்துக்குப் பின்னாடி ஆணி அடிச்சிடலாம். வெளிய தெரியாது."

"மடிச்சிடுங்க சார்" என்றாள் கொளஞ்சியம்மாள், அவர் முடிப்பதற்குள். "அதனால இன்னா, மடிச்சிடுங்க."

ராஜாம்பாள் சுவரைப் பார்த்தாள். எத்தனை நாள் நினைத்துப் பார்த்த சுவர். இரண்டு விரக்கடைதான். மடித்தால் அவள் பனி அந்தப் பனிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும்.

"மடிக்க வேணாங்க" என்றாள்.

அரங்கநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "அப்ப இதுங்க பக்கத்துல பக்கத்துல இருக்க முடியாதும்மா. என்னோடத அது கெடுக்கும், அத என்னோடது கெடுக்கும். ஒரு நூலு மாறிப்போனா ஒரு மொழம் பிரிச்சி நெய்யறவன் நான். கோவிச்சிக்காத."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. "வேற எடம் குடுங்க சார்" என்று கேட்டாள்.

வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே போர்வை தொங்கியது. வந்த ஜனமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்சுவருக்குப் போனார்கள். ராஜாம்பாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே, திரும்பிப்போய் என்ன சொல்வது? செய்தது சரி என்று தெரிந்திருந்தும் மனசு ஆறவில்லை. பக்கத்தில் கொளஞ்சியம்மாள் குற்றம் செய்தவள் மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குமேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலைக்கார அம்மாள் வந்தாள். விழாக் கடை ஒன்றில் மஞ்சளும் தேனும் விற்பவள். செங்கம்மாள் என்று காலையில் யாரோ கூப்பிட்டது ராஜாம்பாள் காதில் விழுந்திருந்தது. செருப்பை விடக் குனிந்தவள் நிமிர்ந்து போர்வையைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

"எங்கூரு பனி" என்றாள். பிறகு மூலையைத் தொட்டாள். "மஞ்சளெல்லாம் வெச்சிருக்குது. யாரு கை?"

ராஜாம்பாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் தரையைப் பார்த்தாள், ராஜாம்பாளைப் பார்த்தாள்.

"என் கைங்க" என்றாள்.

"அப்ப இதுக்கும் கொஞ்சம் வெச்சிக் குடும்மா." செங்கம்மாள் அக்குளில் இடுக்கியிருந்த பையிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மஞ்சள் கொம்பையும் எடுத்தாள். "எம் பொண்ணு நாளைக்கு மொத மொத வேலைக்குப் போவுது. காலைல இதத்தான் கட்டிகினு போவணும்."

கொளஞ்சியம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இது சுவரில் தொங்குகிற துணி இல்லை. ஒரு பெண் நாளைக்குக் கட்டப்போகிற சேலை.

"நான் அறுத்தவங்க" என்றாள் மெதுவாக.

செங்கம்மாள் சேலையைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை.

"நானும் அறுத்தவதான்" என்றாள். "இல்லன்னா நானே வெச்சிருக்க மாட்டேனா? காலைலேர்ந்து யாருனா வெக்கறவங்க கெடைப்பாங்களான்னு பாத்துகினு இருக்கறேன்." போர்வையின் மூலையை மறுபடியும் பார்த்தாள். "வெச்சா இன்னா ஆவும்?"

கொளஞ்சியம்மாள் எழுந்து அந்த மஞ்சள் கொம்பை வாங்கிக்கொண்டாள். வாசலில் இருந்த தண்ணீர்ப் பானைக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு, கல்படியில் அதை இழைத்தாள்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள். "நான் வெச்சிப் பாத்துட்டேன்."

செங்கம்மாள் புதுச் சேலையின் முந்தானையை விரித்து இரண்டு கையாலும் அவள் முன்னால் பிடித்தாள்.